தாமரையிலைத் தண்ணீர்

‘தாமரையிலைத் தண்ணீர் போல’ என்னும் உவமையை அறியாத தமிழர் இலர். உலகிற் பற்றின்றி வாழ்வாரை அவ்வாறு கூறுதல் நம் மரபு. உவமையின் பொருளை என் மாணாக்கர் நன்கு விளக்குவர். ஆயின், இலையில் நீர் ஏன் ஒட்டுவதில்லை என வினவினால் வகுப்பில் அமைதியே நிலவும். இத்தனைக்கும் அவர்கள் இரணைமடு நீர் பாயும் வட்டக்கச்சிப் பிள்ளைகள். வன்னிக் குளங்களிலே தாமரையைக் கண்டு வளர்ந்தவர்கள்.

அவ்வினாவிற்கு விடை தேடியவர் ஜேர்மனியத் தாவரவியலறிஞர் வில்ஹெல்ம் பார்த்லொட். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைக்குமுன் இலைகளைக் கழுவுதல் வழக்கம். சில இலைகளோ கழுவாமலே தூயனவாய் இருந்தன. அவற்றுள் தலையாயது தாமரை. வழுவழுப்பே காரணம் என்றுதான் எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. இலையின் மேற்பரப்பெங்கும், மில்லிமீற்றரில் ஏறத்தாழ நூறிலொரு பங்கு அளவான மேடுகள் நெருங்கியுள்ளன. அவற்றின்மேல் மெழுகுத் துணுக்குகள் படர்ந்துள்ளன. நீர்த்துளி அம்மேடுகளின் நுனிகளை மட்டுமே தொடுகின்றது. இடையே காற்று நிற்கின்றது. ஆதலால் துளி திரண்டு உருள்கின்றது. உருளும்போது தூசியையும் வாரிச் செல்கின்றது.

தாமரைக்கு இஃது அணியன்று, உயிர்க்காப்பு. பெரும்பாலான மரஞ்செடிகளுக்கு இலையின் கீழ்ப்புறத்தே மிகுந்துள்ள இலைவாய்கள், நீரோடு வாழும் தாமரைக்கு மேற்புறத்தே உள்ளன. அவை சேற்றால் அடைபடலாகாது அல்லவா?

இவ்வாராய்ச்சியைப் பார்த்லொட்டும் நைன்ஹுயிசும் 1997ஆம் ஆண்டு வெளியிட்டனர். மழைநீராலேயே அழுக்கு நீங்கும் ‘லோட்டுசான்’ என்னும் சுவர்ப்பூச்சு 1999இல் விற்பனைக்கு வந்தது. ஆயினும், பூச்சுத் தேய்ந்தால் மனிதன் மீண்டும் பூசவேண்டும். உயிருள்ள இலையோ தன் மெழுகைத் தானே சுரந்துகொள்கின்றது. மாணாக்கன் ஆசானை இன்னும் எட்டவில்லை.

உவமை கண்ட நம் முன்னோர் இயற்கையைக் கூர்ந்து நோக்கியவர்கள். நோக்காதார்க்கு உவமை பிறவாது. அவர்கள் கண்டதை நாம் மனனஞ் செய்கின்றோம். காணும் பழக்கத்தையோ கைவிட்டு வருகின்றோம். தமிழ் வகுப்பிலே ஒரு தாமரை, விஞ்ஞான வகுப்பிலே வேறொரு தாமரை எனப் பிரித்தும் வைத்துவிட்டோம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்வுவமையைக் கற்பிக்கும் நாளில் ஒரு தாமரையிலையை வகுப்பிற்குக் கொணருங்கள். அதன்மீது நல்ல நீரைத் தெளியுங்கள், முத்தென உருளும். பின்னர் சவர்க்காரம் கரைத்த நீரைத் தெளியுங்கள். அது பரந்து ஒட்டும். ‘ஏன் ஐயா?’ என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், தமிழும் விஞ்ஞானமும் அன்று ஒருங்கே கற்பிக்கப்பட்டனவாகும்.