தளர்ந்த மரத்திற்குத் தாங்கு துணை

2011ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் ‘தானே’ என்னும் புயல், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. விருத்தாசலம், கருவேப்பிலங்குறிச்சி முதலிய ஊர்களைக் கொண்ட கடலூர் மாவட்டத்தில், உழவர் பல்லாண்டு பாடுபட்டு வளர்த்த பலாவும் முந்திரியும் ஒரே நாளில் பெருந்தொகையாய்ச் சாய்ந்தன. பெரும்புயலைத் தடுப்பது மனிதனால் இயலாது. ஆயினும், வலுக்குன்றிய மரத்தை முன்னரே கண்டறிந்து, அதற்குத் துணைசெய்தல் இயலும்.

மரம் பிளப்பது பெரும்பாலும் அதன் கவையிலேயாம். அடிமரம் இரு பெருங்கிளைகளாகப் பிரியும் இடமே கவை எனப்படும். கிளைகள் அகன்று பிரியின் கவை உறுதியாக இருக்கும். நெருங்கிப் பிரியினோ, இடையிலே பட்டை அகப்பட்டுக்கொள்ளும். மரம் மரத்தோடு ஒன்றாது. காற்று வீசுங்கால் இரு கிளைகளும் வெவ்வேறு திசையில் அசைய, கவை பிளந்துவிடுகிறது.

இத்தகைய கிளைகளை எஃகுக் கம்பிவடத்தால் இணைப்பது ஒரு முறை. கவைக்கும் கிளைநுனிக்கும் இடைப்பட்ட உயரத்தை மூன்று கூறாக்கி, இரண்டு கூறு மேலே சென்று வடத்தைப் பூட்டுவர். நெம்புகோலின் இயல்பு இங்கே பயன்படுகிறது. கவையினின்று எட்ட எட்ட, சிறிய விசையே கிளையைத் தடுத்து நிறுத்தப் போதுமானது.

கம்பியைக் கிளையைச் சுற்றி இறுக்கிக் கட்டுதல் பெருந்தீங்காகும். இலைகள் சமைத்த உணவு உட்பட்டை வழியாகவே வேருக்கு இறங்குகிறது. கிளை பருக்கப் பருக்கக் கம்பி பட்டையை நெரித்து அவ்வழியை அடைத்துவிடும். ஆதலின், கிளையில் துளையிட்டு, வளையமுள்ள திருகாணியைச் செலுத்தி, அதிலே வடத்தை மாட்டுவர். அகன்ற நாடாக்களைப் பயன்படுத்துவோர், மரம் பருப்பதற்கேற்ப அவற்றை அவ்வப்போது தளர்த்துதல் வேண்டும்.

தாழ்ந்து தொங்கும் கிளைக்குக் கீழிருந்து முட்டுக்கொடுப்பர். குலைதள்ளிய வாழைக்குக் கம்பு ஊன்றும் உழவர் நன்கறிந்த முறையே இது. இலங்கையின் அனுராதபுரத்தில் உள்ள தொன்மையான போதி மரத்தின் கிளைகளும் முட்டுகளால் தாங்கப்பெறுகின்றன.

ஆலமரமோ தனக்குத் தானே தூண் நாட்டிக்கொள்கிறது. ஹௌரா தாவரவியல் பூங்காவின் பேராலமரம் 1864, 1867ஆம் ஆண்டுகளின் புயல்களால் ஊறுற்றது. பின்னர்க் காளான் நோயும் பற்றியதால் அதன் நடுமரம் 1925இல் அகற்றப்பட்டது. சென்னை அடையாற்று ஆலமரத்தின் நடுமரம் 1989இல் புயற்காற்றில் வீழ்ந்தது. எனினும் இரண்டும் விழுதுகளின் துணையால் இன்றும் வாழ்கின்றன.

வடமும் முட்டும் மரத்தின் நோயைத் தீர்க்கா. முறியும் இடரைக் குறைக்கும், அவ்வளவே. ஆண்டுதோறும் துருவையும் தளர்ச்சியையும் வல்லுநர் ஆராய்தல் வேண்டும். உள்ளே உளுத்துப்போன மரம் மக்கள் நடமாடும் வழியில் நிற்குமாயின், அதனை அகற்றுவதே அறிவுடைமை. மரத்தின்மேல் கொண்ட அன்பு, அதன் நிழலில் ஒதுங்கும் உயிர்களையும் காப்பதாக அமைதல் வேண்டும்.