இலைத்துளையைச் சாத்தும் விஷவாயு

கழிவுநீர்த் தொட்டியில் இறங்குபவர்களை மயக்கிச் சாய்க்கும் விஷவாயுக்களில் முக்கியமானது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் இதனுடையதுதான். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. செல்களின் சுவாசமே நின்றுவிடும். இதே வாயுவைச் செடிகள் தம் உடம்புக்குள் துளித்துளியாகத் தயாரித்துக்கொள்கின்றன.

வெள்ளரி, பூசணி, மக்காச்சோளம் போன்றவற்றின் இலைகள் வெளிச்சத்தில் இதை வெளியிடுவதாக 1978-இல் வில்சன், பிரெஸ்ஸன், ஃபில்னர் மூவரும் எழுதினார்கள். மிஞ்சிய கந்தகத்தைச் செடி கழிக்கிறது, அவ்வளவுதான் என்றே அப்போது தோன்றியது. விலங்கு மூளையில் இது சைகை மூலக்கூறாகச் செயல்படலாம் என்று 1996-இல் ஜப்பானில் ஆபேயும் கிமுராவும் காட்டிய பிறகுதான், தாவர ஆய்வாளர்களும் இந்தப் பழைய நாற்றத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

வறட்சியில் நடப்பதைப் பாருங்கள். இலைத்துளை ஒவ்வொன்றின் இருபுறமும் இரண்டு காப்புச் செல்கள் உண்டு. அவை நீரால் விறைத்திருந்தால் துளை திறந்திருக்கும், தளர்ந்தால் மூடிக்கொள்ளும். தண்ணீர் குறையும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகுகிறது. உடனே காப்புச் செல்லுக்குள் டெஸ்1 என்ற நொதி, சிஸ்டீன் அமினோ அமிலத்தை உடைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுவிக்கிறது. விளைவாக, சில புரதங்களில் ஏற்கெனவே உள்ள கந்தக அணுவின்மேல் இன்னொரு கந்தக அணு ஏறுகிறது. ஒரே ஓர் அணுதான். புரதத்தின் போக்கே மாறிவிடுகிறது. அப்படி முடுக்கிவிடப்படும் புரதங்களில் ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாக வழிசெய்கிறது. பிறகு செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் போக, துளை மூடுகிறது. பெராக்சைடு அளவு மீறினால் அந்தக் கூடுதல் கந்தகத்தையே ஆக்சிஜனேற்றி, சைகையைத் தணித்துவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்தத் தற்கட்டுப்பாடுதான் கதையிலேயே அழகான இடம்.

அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடிதான் இதற்கெல்லாம் சோதனைச் செடி. டெஸ்1 இல்லாத அரபிடாப்சிஸில் ஹார்மோனைக் கொடுத்தாலும் இலைத்துளை சரியாக மூடுவதில்லை. வெளியிலிருந்து சல்ஃபைடைக் கொடுத்தால் மூடுகிறது.

அப்படியானால் வறட்சிக்கு இதையே தெளிக்கலாமே? சோடியம் ஹைட்ரோசல்ஃபைடு கரைசலை வைத்து ஆய்வகங்களில் முயன்றுதான் வருகிறார்கள். சிறிதளவு கொடுத்தால் நாற்று வறட்சியைத் தாங்குகிறது. கூடினால் வளர்ச்சி குன்றுகிறது. வயலில் அந்த அளவைக் கட்டுப்படுத்துவது லேசான காரியமல்ல. அளவு மீறினால் என்னாகும் என்பதை நெல்வயலிலேயே பார்க்கலாம். நீர் வடியாமல், தழை மக்கிக் கிடக்கும் வயலில் மண் பாக்டீரியாக்களே இந்த வாயுவை ஏராளமாக உண்டாக்குகின்றன. அங்கே நெல்லின் வேர் கறுத்து அழுகுகிறது. தண்ணீரை வடித்து வயலைக் காயவிட வேண்டியிருக்கிறது.