வில்வண்டியின் பேரன்

வெள்ளையம்பலம் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தேன். பின்னால் அக்கா மகன். ஏழாம் வகுப்பு படிக்கிறான், கார் பைத்தியம். பக்கத்தில் கறுப்பு நிறத்தில் மலை மாதிரி ஒரு வண்டி வந்து நின்றதுதான் தாமதம், என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மாமா, ரேஞ்ச் ரோவர்! கோடிக்கணக்கில் விலை மாமா!"

"விலை கிடக்கட்டும். இந்த வண்டியோட தாத்தாவை ஓட்டினவர் அதோ நிற்கிறார், பார்" என்று அய்யன்காளி சிலையைக் காட்டினேன்.

"அவர் ஓட்டினது மாட்டு வண்டியாச்சே?"

மாட்டு வண்டிதான். ஆனால் வில்வண்டி. அந்த 'வில்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே. இந்தக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் 1863-இல் பிறந்தவர் அய்யன்காளி. அவருடைய சமூக மக்கள் பொதுச்சாலையில் நடப்பதற்கே தடை இருந்த காலம் அது. வில்வண்டியோ மேல்சாதிப் பணக்காரர்களின் சொகுசு வாகனம். 1893-இல் அவர் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கி, காளைகளைப் பூட்டி, தலைப்பாகை கட்டிக்கொண்டு, தடுக்கப்பட்ட சாலையிலேயே ஓட்டிப் போனார். தடுக்க வந்தவர்களுக்கு அவர் அசையவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இன்றைக்கு நாம் அந்த வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கப் போகிறோம்.

கட்டை வண்டியில் அச்சின் மேல் நேராகப் பலகை. சக்கரம் கல்லில் ஏறினால் அந்த அடி அப்படியே உட்கார்ந்திருப்பவர் முதுகில் விழும். வில்வண்டியில் அச்சுக்கும் பலகைக்கும் நடுவே, வில் போல வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். சக்கரம் மேலே எகிறும்போது பட்டைகள் வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும்.

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடக்குமே, நாலைந்தை எடுத்து அடுக்கி, இரண்டு முனையையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். அட்டைகள் ஒன்றோடொன்று உரசி நழுவுவது விரலுக்குத் தெரியும். பட்டை வில்லிலும் இதே உரசல் உண்டு. அதனால் வண்டி ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்காமல் சீக்கிரம் அடங்கும். அது நல்லது. ஆனால் சின்னச் சின்னக் குலுக்கலுக்கு, உரசலை மீறிப் பட்டைகள் நழுவவே நழுவாது. குலுக்கல் நேரே மேலே ஏறிவிடும். அது கெட்டது.

இனி கடலைத் தாண்டுவோம். 1947-இல் இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியில் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பக்கம் தமக்கிருந்த பண்ணையில் பழைய ராணுவ ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்துபோனால் அடுத்து என்ன வாங்குவது? கடற்கரை மணலிலேயே புதிய வண்டி ஒன்றைக் கோடு போட்டுக் காட்டினாராம். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு அது லேண்ட் ரோவர் என்ற பெயரில் வந்து நின்றது. போர் முடிந்து எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்த நேரம் என்பதால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். இதையும் நினைவில் வையுங்கள், பின்னால் திரும்பி வரும். அடியில் குனிந்து பார்த்தால்? நம்ம வில்வண்டியின் பட்டை வில்தான்!

மேடுபள்ளத்தில் அது எங்கும் ஏறும். ஆனால் ஏறி இறங்கியவருக்கு எலும்பெல்லாம் வலிக்கும். அப்போதுதான் ஸ்பென் கிங் என்ற பொறியாளர் வருகிறார். இவரும் ரோவர் கம்பெனிக்காரர்தான்.

ஒரு சக்கரம் வண்டியை எப்போது இழுக்கும்? தரையை அழுத்திக்கொண்டிருக்கும்போது மட்டும். அந்தரத்தில் தூக்கி நிற்கும் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் வெறும் காற்றாடி. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுப் பெடலை மிதித்தவர்களுக்கு இது தெரியும். பட்டை வில் விறைப்பானது. பள்ளம் வந்தால் சக்கரத்தைக் கீழே இறக்கித் தராமல் அந்தரத்தில் பிடித்துக்கொள்ளும். ஆகவே மெத்தென்று இருக்கிற, நீளமாக நீண்டு சுருங்குகிற சுருள் வில்லைப் போட்டால் சக்கரம் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தரையைத் தேடிப் பிடிக்கும். உங்கள் பேனாவுக்குள் இருக்கிறதே, அதன் பெரிய அண்ணன்தான் அந்தச் சுருள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சக்கரம் தரையை விடக்கூடாது என்பதற்காகப் போட்ட வில், உள்ளே இருப்பவருக்கும் மெத்தை ஆகிவிட்டது. 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரின் சொகுசு இப்படித்தான் பிறந்தது. அதற்குள் பட்டும் தோலும் கிடையாது. ரப்பர் விரிப்பு, பிளாஸ்டிக் இருக்கை. சேற்றோடு வயலிலிருந்து வந்தால் குழாயைப் பிடித்து உள்ளேயே கழுவி விடலாம்! கதவும் இரண்டுதான், நான்கு கதவு 1981-இல்தான் வந்தது. என்னைக் கேட்டால், எல்லாத் தலைமுறையிலும் அறிவாளித்தனமானது இந்த முதல் வண்டிதான்.

மெத்தென்ற வில்லுக்கு ஒரு தொல்லை உண்டு. பின்னால் நாலு மூட்டை ஏற்றினால் வண்டி பின்பக்கம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொள்ளும். அதற்காகப் பின் அச்சின் நடுவில் ஒரு சிறிய உருளையை வைத்தார்கள். வண்டி ஓடும்போது ஏற்படும் ஆட்டத்தையே விசையாக வைத்து அது தனக்குள் எண்ணெயை ஏற்றிக்கொண்டு, அமுங்கிய பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும். மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

1992-இல் சுருள் வில் இருந்த இடத்துக்குக் காற்று வந்தது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து, கைப்பிடியை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் காற்றைப் பாதி இடத்துக்குள் நெருக்கினால் அதன் அழுத்தம் இரண்டு மடங்காகி உங்களைத் திருப்பித் தள்ளும். அதுவும் ஒரு வில்தானே? எஃகு வில்லில் இல்லாத வசதி இதில் உண்டு: கூடக் காற்றை அடைத்தால் வண்டி உயரும், திறந்துவிட்டால் தாழும். பாறையில் போகும்போது உயர்ந்துகொள்ளும், நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் தாழ்ந்துகொள்ளும். 1994-இல் வந்த இரண்டாம் தலைமுறையிலும் இந்தக் காற்று வில் தொடர்ந்தது. அந்த வண்டியைப் பற்றி வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் தலைமுறை வெளிவந்த 2001-இல் ஒரு சிக்கல். அதுவரை இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே இரும்பு அச்சில் கோத்திருந்தன. பூங்காவில் ஏறி ஆடும் சீசா பலகை மாதிரி, ஒன்று கல்லில் ஏறினால் மற்றது தானாகக் கீழே அமுங்கித் தரையைப் பிடிக்கும். சாலையில் இன்னும் நயமாக ஓட வேண்டும் என்று, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக ஆட விட்டார்கள். நயம் வந்தது, சீசா போயிற்று! என்ன செய்தார்கள் தெரியுமா? இடது காற்று வில்லையும் வலது காற்று வில்லையும் குழாயால் இணைத்தார்கள். கரடுமுரடான இடத்தில் அந்தக் குழாய் திறக்கும். இடது சக்கரம் மேலே ஏறினால் அங்கே நெருங்கும் காற்று வலப்பக்கம் ஓடி, வலது சக்கரத்தைக் கீழே தள்ளும். இரும்பு சீசா போய்க் காற்று சீசா.

இதற்குள் வண்டி கொழுத்துவிட்டது. தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, பாட்டுப்பெட்டி என்று ஒவ்வொரு தலைமுறையும் எடையை ஏற்றியது. 2012-இல் வந்த நான்காம் தலைமுறையில் உடற்கூடு முழுவதையும் அலுமினியத்தில் செய்து, விமானத்தைப் போல ரிவெட் அடித்தும் பசை போட்டும் இணைத்தார்கள். முந்தைய வண்டியைவிட 420 கிலோ வரை குறைந்தது. 1948-இல் தட்டுப்பாட்டால் வந்த உலோகம், 2012-இல் உடம்பை இளைக்க வைக்க வந்தது.

அப்படியும் பாருங்கள்: 1970 வண்டி சுமார் 1.7 டன், 2021 அக்டோபரில் அறிமுகமான ஐந்தாம் தலைமுறை ஏறத்தாழ 2.4 டன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி அப்போது 2.54 மீட்டர், இப்போது கிட்டத்தட்ட 3 மீட்டர். நம் பொன்முடி மலைச்சாலையில் கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன அல்லவா? இவ்வளவு நீளமான வண்டி அங்கே எப்படித் திரும்பும்? அதற்காகப் பின் சக்கரங்களும் 7 டிகிரி வரை திரும்பும்படி செய்திருக்கிறார்கள். மெதுவாகப் போகும்போது முன் சக்கரம் இடப்பக்கம் திரும்பினால் பின் சக்கரம் வலப்பக்கம் திரும்பும். வண்டி 11 மீட்டருக்கும் குறைந்த அகலத்தில் வட்டம் போட்டுவிடும். வேகமாகப் போகும்போது இரண்டும் ஒரே பக்கம் திரும்பும், தடம் மாறுகையில் ஆட்டம் குறையும். தன் உடம்பு பெருத்ததால் வந்த தொல்லையைத் தானே தீர்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் இது. சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெருக்காமலே இருந்திருக்கலாமே என்றும் எனக்குத் தோன்றுகிறது.

இந்த வண்டி இன்று முழுக்க வெளிநாட்டுச் சொத்தும் இல்லை. 2008-இல் டாடா மோட்டார்ஸ் லேண்ட் ரோவர் கம்பெனியை வாங்கிவிட்டது. 2024 செப்டம்பரில் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் புதிய கார் தொழிற்சாலைக்கு அடிக்கல்லும் நாட்டியாயிற்று.

"அப்போ பட்டை வில் அவ்வளவுதானா மாமா, செத்துப்போச்சா?" என்று கேட்டான் அக்கா மகன். பச்சை விழுந்து நாங்கள் சாஸ்தமங்கலம் பக்கம் திரும்பியிருந்தோம். முன்னால் செங்கல் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. அதன் பின்சக்கரத்தின் மேலே பாரம் தாங்கிக்கொண்டு, அடுக்கடுக்காக, கொஞ்சம் துருப்பிடித்து, அதே பட்டைகள்.

அடுத்த முறை லாரி ஏதாவது நின்றுகொண்டிருந்தால், அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய், எட்ட நின்று, பின்சக்கரத்துக்கு மேலே பாருங்கள். எத்தனை பட்டை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.