9.45 லட்சம் டாலரில் கணினியின் விலை எவ்வளவு?

2026 ஏப்ரல் 1ஆம் தேதி ஆப்பிள் நிறுவனத்துக்கு 50 வயது. ஆண்டுவிழா நெருங்க நெருங்க, பரணில் பழைய கணினி வைத்திருப்பவர்களின் கடிதங்களும் பெருகுகின்றன. 'அதற்குள் விற்றுவிட வேண்டுமா?' என்று சிலர் கேட்கிறார்கள். பலருக்குச் சந்தேகம் வேறு: 'ஆப்பிள்-1 கணினி 9.45 லட்சம் டாலருக்குப் போனதாமே, விற்றவர் கைக்கு அவ்வளவும் வருமா?' வராது. அந்தத் தொகை எப்படி உருவாகிறது என்று பார்த்தால், 'சாதனை விலை' என்ற சொல்லின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

ஒரே விலை, இரண்டு சாதனைகள்

1976இல் 666.66 டாலருக்கு விற்கப்பட்ட ஆப்பிள்-1 மொத்தம் சுமார் 200தான் தயாரிக்கப்பட்டது. 2014 அக்டோபரில், போன்ஹாம்ஸ் நடத்திய நியூயார்க் ஏலத்தில் ஒன்றை ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9.05 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2024 செப்டம்பரில் கிறிஸ்டீஸ் இணைய ஏலத்தில் இன்னொன்று 9.45 லட்சத்துக்குப் போனது. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனின் சேகரிப்பு அது. ஸ்டீவ் ஜாப்ஸின் அலுவலகத்தில் இருந்தது என்பது ஏல நிறுவனம் சொன்ன விவரம். பத்தாண்டுகளில் 40,000 டாலர் ஏற்றம் என்று தோன்றும்.

இந்த இரண்டு தொகைகளிலும், வாங்குபவரிடம் ஏல நிறுவனம் பிடிக்கும் கமிஷன் அடக்கம். நிறுவனங்கள் அறிவித்த விகிதங்களை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2014இல் போன்ஹாம்ஸ் முதல் ஒரு லட்சத்துக்கு 25%, அதற்கு மேல் 20% வாங்கியது. மூணுதரம் சொல்லி முடித்த விலை 7.5 லட்சம் என்றால் கமிஷன் 1.55 லட்சம்; மொத்தம் 9.05 லட்சம். 2024இல் கிறிஸ்டீஸ் பத்து லட்சம் வரை 26% வாங்கியது. 9.45 லட்சத்தை 1.26ஆல் வகுத்தால் வருவது அதே 7.5 லட்சம்!

ஆக, இரண்டு வெவ்வேறு கணினிகளுக்கும் ஏலத்தில் கேட்கப்பட்ட கடைசி விலை ஒன்றே. முறியடிக்கப்பட்டது கமிஷன் விகிதம். இடைப்பட்ட பத்தாண்டு விலைவாசி உயர்வையும் கணக்கில் சேர்த்தால், கணினியின் மதிப்பு இறங்கியே இருக்கிறது.

இன்னும் வேடிக்கை உண்டு. அதே 2024இன் நடுவில் போட்டி நிறுவனமான சோத்பீஸ் தன் விகிதத்தை 20%ஆகக் குறைத்திருந்தது. அங்கே இதே 7.5 லட்சத்துக்குப் போயிருந்தால் மொத்தம் 9 லட்சம். சாதனையும் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை. 2025 பிப்ரவரியில் சோத்பீஸ் மனம் மாறி விகிதத்தை 27%ஆக்கியது. அந்த விகிதத்தில் அதே விலைக்கு மொத்தம் 9.52 லட்சத்தைத் தாண்டியிருக்கும்: 'புதிய சாதனை'!

'எதிர்பார்த்ததை மிஞ்சியது' என்ற அறிவிப்பிலும் இதே சூட்சுமம். ஏலத்துக்கு முன் சொல்லும் மதிப்பீட்டில் கமிஷன் சேராது. முடிந்த பின் சொல்லும் விலையில் சேரும். ஆலனின் கணினிக்கான மதிப்பீடு 5 முதல் 8 லட்சம். 7.5 லட்சம் அதற்குள் அடங்கிய விலைதான். 2014இல் மதிப்பீடு 3 முதல் 5 லட்சம். உண்மையான ஆச்சரியம் அன்று நடந்தது.

யார் தலையில் விடிகிறது?

வாங்குபவர் கட்டும் பணம்தானே, விற்பவருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு வாசகர் கேட்கிறார். கையில் 9.45 லட்சம் வைத்திருப்பவர் கமிஷனை முன்கூட்டியே கழித்துவிட்டு 7.5 லட்சத்தோடு நிறுத்திக்கொள்வார். சுமை சத்தமில்லாமல் விற்பவர் மேல் இறங்குகிறது. விற்பவரும் தனியாக ஒரு கமிஷன் கட்ட வேண்டும் என்பது பொது வழக்கம். இரண்டு பக்கமும் வாங்கும் மனைத் தரகர் போலத்தான். வாங்குபவரிடமும் வசூலிக்கும் இந்த வழக்கத்தை கிறிஸ்டீஸும் சோத்பீஸும் லண்டனில் கொண்டுவந்தது 1975இல். அப்போது விகிதம் 10%.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

*2016இல் ஒன்று 12 லட்சம் டாலருக்குப் போனதே?* இணைய ஏலத்தில் கேட்கப்பட்ட தொகை அது. கடைசி நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டு, விற்றது 8.15 லட்சத்துக்கு.

*ஈபேயில் 1,000 டாலர் என்று பதிந்தால் அவ்வளவும் போய்விடுமா?* அடுத்தவரின் உச்சம் 600 என்றால் நீங்கள் கட்டுவது 610.

*ஈபேயில் 'விற்றது' என்று காட்டும் விலையை நம்பலாமா?* கோடு போட்டு அடித்திருந்தால் அது விற்பவர் கேட்ட விலை. பேரம் படிந்த விலை உங்களுக்குத் தெரியாது.

*கடைசி நொடியில் ஏலம் கேட்பது ஏன்?* விவரம் தெரிந்தவர் தன் ஆர்வத்தை மறைக்கத்தான். ஈபேயில் கணினிகளைவிடப் பழம்பொருள்களுக்கே இது அதிகம் என்று பொருளாதார ஆய்வாளர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸும் 2002இல் எழுதினார்கள். பழைய கணினி இப்போது எந்த வகை என்று நீங்களே சொல்லுங்கள்.

*1983இன் ஆப்பிள் லிசா ஏன் அரிது?* முதல் மாதிரியை நிறுவனமே இலவசமாக மேம்படுத்தித் தந்து, பழைய 'ட்விக்கி' நெகிழ்வட்டு டிரைவ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது; சலுகையை மறுத்தவர் வீட்டில்தான் அது மிஞ்சியது.

*என்னிடம் இருப்பது சின்கிளேர் ஸ்பெக்ட்ரம்?* லட்சக்கணக்கில் விற்ற கணினி. ஆசையை அடக்கி வையுங்கள்.

*எங்கள் பள்ளியில் 1980களின் பிபிசி மைக்ரோ கிடக்கிறது?* மத்திய அரசின் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டமான கிளாஸில் வந்ததென்றால், அது யார் சொத்து என்பதை முதலில் கேளுங்கள்.

*மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா?* வேண்டாம், பழைய பவர் சப்ளை சிப்புகளைப் பொசுக்கிவிடலாம்.

*ஏப்ரல் 1க்குள் விற்க வேண்டுமா?* ஆண்டுவிழா ஏலத்துக்கு யாராவது அழைத்தால், தேதியை விட்டுவிட்டு இரண்டு சதவீதங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வாங்குபவரிடம் எவ்வளவு பிடிப்பார்கள், உங்களிடம் எவ்வளவு.