துபாயில் தங்கப் போகிறவர்களுக்கு

துபாய்க்குப் புறப்படுகிற நம்மவர்கள் விமானச் சீட்டு வாங்குவதில் காட்டுகிற ஜாக்கிரதையில் பாதியைக்கூடத் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம். சீட்டின் விலை இன்னும் கொஞ்சம் இறங்குமா என்று இரவெல்லாம் கண்விழித்துப் பார்க்கிறவர், கடலைப் பார்த்த ஜன்னலும் நீச்சல் குளமும் கொண்ட நாலைந்து படங்களைக் கண்டதும் மனம் மயங்கி, அந்த அறையை வாடகைக்கு விடுகிறவர் யார், அவருக்கு அதற்கு உரிமை உண்டா என்ற கேள்வியே எழாமல் பணத்தைக் கட்டிவிடுகிறார். அந்நகரத்தின் கீர்த்தியும் இந்த மயக்கத்துக்குத் துணை செய்கிறது. 1999ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட புர்ஜ் அல் அராப் ஹோட்டலை ‘ஏழு நட்சத்திர ஹோட்டல்’ என்று உலகமே சொல்லிக்கொண்டிருக்கிறது. அரசாங்கத்தின் தரப் பட்டியலோ ஐந்தோடு முடிந்துவிடுகிறது, மீதி இரண்டு நட்சத்திரங்களும் ஜனங்களின் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆகவே நட்சத்திரங்களை எண்ணத் தொடங்குவதற்கு முன், அறையில் ஒரு குறை நேர்ந்தால் தனக்கு ஜவாப்தாரி யார் என்பதை நிச்சயப்படுத்திக்கொள்வதுதான் பிரயாணியின் முதற் காரியம்.

இரவு ஒன்றுக்கு 300 திர்ஹம் என்று விளம்பரத்தில் காண்கிற மூன்று நட்சத்திர அறை பல சமயங்களில் அந்த விலைக்குக் கிடைப்பதில்லை. சேவைக் கட்டணம் பொதுவாக 10 சதவீதம், நகராட்சிக் கட்டணம் 7 சதவீதம், 2018 ஜனவரி முதல் அமலில் இருக்கும் மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம் என்று மூன்றும் ஏறிய பிறகு, 2014இல் விதிக்கப்பட்ட ‘டூரிசம் திர்ஹம்’ என்ற கட்டணமும், ஹோட்டலின் தரத்தை அனுசரித்து, அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை வந்து சேருகிறது. மேற்சொன்ன அறைக்கு இவையெல்லாம் கூடி 75 திர்ஹத்துக்கு மேல் ஆகிவிடும். இவை அங்கே எல்லோரிடமும் வாங்கப்படுகிறவை. இதற்காக வரவேற்பு மேஜையில் நிற்கிற சிப்பந்தியோடு சச்சரவிடுவதில் நியாயமில்லை. ஆனால் காட்டப்பட்ட தொகைக்குள் இவை அடக்கமா, புறம்பா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவதும், அடக்கம் என்று எழுதிக்கொடுத்ததை மறுபடி வசூலிக்க முற்பட்டால் மறுப்பதும் பிரயாணியின் உரிமை. முழுத்தொகையையும் ஊரிலிருந்தே கட்டிவிட்டவர்களிடம்கூட டூரிசம் திர்ஹத்தை மட்டும் நேரில் வாங்குகிற வழக்கம் உண்டு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இதைக் காட்டிலும் அதிகத் தகராறுக்கு இடம் கொடுப்பது டெபாசிட். சாவியைக் கொடுப்பதற்கு முன் பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு, அறைக்குச் சேதம் நேர்ந்தால் ஈடு செய்வதற்காக என்று சொல்லி, ஒரு கார்டைக் கேட்பார்கள். கிரெடிட் கார்டானால் அந்தத் தொகை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டு, அறையைக் காலி செய்தபின் சில நாட்களில் விடுபட்டுவிடும். டெபிட் கார்டானாலோ பணம் உண்மையாகவே கணக்கைவிட்டுப் போய், திரும்பி வருவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். அந்த நிமிஷத்திலேயே, கார்டு மெஷினின் சின்னத் திரையில், தொகையை ரூபாயில் கட்டுகிறீர்களா திர்ஹத்தில் கட்டுகிறீர்களா என்று ஒரு கேள்வி தோன்றும். சொந்த ஊர் நாணயத்தைக் கண்ட சந்தோஷத்தில் ரூபாயைத் தொட்டுவிடுகிறவர், தம்முடைய பாங்கியின் விகிதத்தைக் கைவிட்டு, அந்த மெஷினுக்கு உரியவர்கள் தங்கள் லாபத்தைச் சேர்த்து நிர்ணயிக்கிற விகிதத்துக்குச் சம்மதித்தவராகிறார். எப்போதும் திர்ஹத்தையே தேர்வு செய்யவேண்டும். நம்மைக் கேட்காமல் சிப்பந்தியே பித்தானை அழுத்திவிட்டிருந்தால், சீட்டில் கையெழுத்திடாமல், ரத்துசெய்து மறுபடி போடச் சொல்லலாம். பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்தவுடன் திருப்பிக் கொடுப்பதே முறை. ‘போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று யாராவது சொன்னால் அதற்கு இணங்க வேண்டியதில்லை.

ஹோட்டலை விட்டு, குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட வசதியாக ‘ஹாலிடே ஹோம்’ எனப்படும் அடுக்குமாடி வீட்டை எடுப்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது சௌகரியமான ஏற்பாடுதான். 2013ஆம் ஆண்டின் 41ஆம் எண் ஆணைப்படி, துபாயில் ஒரு வீட்டை இவ்விதம் நாள் வாடகைக்கு விடுவதற்கு அனுமதி பெற்றிருக்க வேண்டும். அந்த அனுமதியைத் தருவது இப்போது பொருளாதார, சுற்றுலாத் துறை. வீட்டுக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது அனுமதி எண்ணைத்தான். ஜன்னலுக்கு வெளியே எந்தக் கோபுரம் தெரிகிறது என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவர், தங்குகிறவர்களின் பாஸ்போர்ட் விவரத்தைப் பதிவுக்காகக் கேட்காதவர், ‘வாசலில் காவலர் கேட்டால் என் சிநேகிதர் என்று சொல்லுங்கள்’ என்று கற்றுக்கொடுக்கிறவர், பணத்தை முழுவதும் முன்கூட்டியே தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறவர் ஆகியோரிடமிருந்து விலகிக்கொள்வது உத்தமம். அனுமதியில்லாத வீட்டில் சோதனை நடந்தால் அபராதம் அவருக்கு. பெட்டி படுக்கையோடு நடு இரவில் வேறு அறை தேடுகிற சங்கடமோ நமக்கு.

உல்லாசப் பிரயாணிகளைக் காட்டிலும் எனக்கு அதிகக் கவலை தருகிறவர்கள், விசிட் விசாவில் வேலை தேடிப் போய், ‘பெட் ஸ்பேஸ்’ என்று சொல்லப்படும் கட்டில் இடத்தை மாத வாடகைக்குப் பிடித்துத் தங்குகிற இளைஞர்கள். ஒரு கூடத்தைப் பலகையாலும் ஜிப்ஸம் தட்டிகளாலும் நாலைந்தாகத் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் இரட்டைக் கட்டில்கள் போட்டு, ஒரே குளியலறையைப் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று உபயோகிக்கும்படி விட்டிருக்கிற இவ்விடங்களின் விளம்பரத்தைத் தேராவிலும் சத்வாவிலும் விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கக் காணலாம். துபாயின் வாடகைச் சட்டமான 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம், வீட்டின் சொந்தக்காரருடைய எழுத்துமூலமான சம்மதமில்லாமல் வாடகைதாரர் உள்வாடகைக்கு விடுவதைத் தடுக்கிறது. மீறினால் வாடகைதாரரோடு உள்வாடகைக்கு வந்தவரையும் சேர்த்தே வெளியேற்றலாம். வெளியேற்றப்பட்டவர் தம்மிடம் பணம் வாங்கிய வாடகைதாரர்மீது நஷ்டஈடு கோரலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தவர் அதை எப்படி நிரூபிப்பார்? 2025இல் ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா முதலிய பகுதிகளில் அதிகாரிகள் சோதனை நடத்தி இத்தகைய தடுப்புகளை அகற்றச் செய்தபோது, குடியிருந்த பலர் திடீரென்று இடம் தேடி அலைந்தார்கள்.

நெருப்பு இன்னொரு பயம். 2023 ஏப்ரல் 15ஆம் தேதி தேராவைச் சேர்ந்த அல் ராஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பற்றி 16 பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த இருவரும் அவர்களில் அடக்கம். கட்டடத்தின் பாதுகாப்பு விதிகள் சரிவர அனுசரிக்கப்படாததை ஆரம்ப விசாரணையே எடுத்துச் சொன்னது. எவ்வளவு மலிவான அறையானாலும், உள்ளே பெட்டியை வைத்தவுடன் தாழ்வாரத்தின் கடைசிவரை ஒருமுறை நடந்து, அவசரப் படிக்கட்டின் கதவு திறக்கிறதா, அதன்முன் மெத்தைகளும் மிதிவண்டிகளும் சாத்தியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருவது இரண்டு நிமிஷ வேலை.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரீனா, பாம் ஜுமைரா, புர்ஜ் கலீஃபாவைச் சூழ்ந்த பகுதி ஆகியவை செல்வந்தர்களுக்கு. நம்மூர்ச் சாப்பாடு வேண்டுகிறவர்களுக்குப் பர்துபாயும் கராமாவும் போதும்; 2009இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ அருகில் இருந்தால் டாக்சிச் செலவு பெருமளவு மிஞ்சும். வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் அறை எடுப்பவர், மெட்ரோ அங்கே போவதில்லை என்பதையும், மாலை நேரத்தில் இரு நகரங்களுக்கும் இடையே வாகனங்கள் ஊர்ந்து செல்வதையும், துபாய் ஹோட்டல்களில் அனுமதிக்கப்பட்ட மது அங்கே முற்றிலும் விலக்கப்பட்டிருப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடம் எதுவானாலும், 2024இன் பிற்பகுதியிலிருந்து விசா விண்ணப்பத்தோடு ஹோட்டல் முன்பதிவையோ உறவினர் வீட்டு ஆதாரத்தையோ கேட்பது கண்டிப்பாகியிருக்கிறது; இதற்காகப் பொய்ச் சீட்டு தயாரித்துத் தருகிற ஏஜெண்டுகளை நம்பினவர்கள் விசாவையும் பணத்தையும் ஒருங்கே இழக்கிறார்கள்.

குறை நேர்ந்துவிட்டால் செய்யத் தகுந்ததைவிடச் செய்யத் தகாததை முதலில் சொல்லவேண்டியிருக்கிறது. கோபத்தில் ஹோட்டல்காரரை வாட்ஸாப்பில் வைவதும், சிப்பந்தியின் முகத்தைப் படமெடுத்து ‘திருடன்’ என்று எழுதி உலகத்துக்குப் பரப்புவதும் நம்மூரில் சாதாரணம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சைபர் குற்றச் சட்டப்படி, இணையவழியே ஒருவரை அவமதிப்பது சிறைத்தண்டனைக்கோ, 2,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம். சம்மதமில்லாமல் பிறரைப் படமெடுத்து வெளியிடுவதும் தண்டனைக்குரியதே. நம் பக்கம் நியாயம் இருக்கையில் நாமே குற்றவாளியாவது எத்தனை பரிதாபம்! பில் பிடிக்கவில்லை என்று பணம் கட்டாமல் நழுவுவதும் ஆபத்து. ஆட்சேபத்தைப் பில்லிலேயே எழுதிக் கையெழுத்திட்டு, தொகையைக் கட்டிவிட்டுப் பிறகு வாதாடுவதே புத்தி.

அங்கே உரிய நிவாரணம் பொருளாதார, சுற்றுலாத் துறையின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுப்பது. இதற்கு வக்கீல் வேண்டியதில்லை. அவசரமில்லாத விஷயங்களுக்குப் போலீஸின் 901, ஆபத்துக்கு 999. கையில் காசில்லாமல் அகப்பட்டுக்கொண்டவர்களும், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்களும் பர்துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தை அணுகலாம்.

ஊர் திரும்பிய பிறகும் வழி அடைபட்டுவிடுவதில்லை. இந்தியாவிலிருந்து முன்பதிவு செய்தவர், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கிற ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஹோட்டல் துபாயில் இருப்பதால் வழக்குக்கும் அங்கேதான் போகவேண்டும் என்பதில்லை. இந்தியர்களுக்குத் தொடர்ச்சியாகச் சேவை விற்கிற வெளிநாட்டு முன்பதிவு நிறுவனங்களையும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அந்நிறுவனங்களின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். கார்டில் கட்டியவர்கள் அந்தத் தொகையை மறுத்து ‘சார்ஜ்பேக்’ கோரித் தங்கள் பாங்கிக்கு உடனே எழுதலாம். வீடே இல்லாத விலாசத்துக்குப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேசவேண்டும். பணம் கைமாறிப் போவதற்குமுன் கணக்கை முடக்கினால்தான் அது மீளும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்குச் சட்டம் இரண்டு வருஷ அவகாசம் தருகிறது. முன்பதிவுச் சீட்டு, விளம்பரத்தின் படம், டெபாசிட் சீட்டு, பில், ஹோட்டலோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை மனுவோடு இணைக்கவேண்டும்.