அங்கத்தினர் நடத்தும் கால்பந்துக் கழகம்

கூட்டுறவுச் சங்கம் என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன நூலும் பாவும், விதையும் உரமும், கடனும் தவணையுமே. பிழைப்புக்கு வேண்டியவற்றைக் கூடிப் பெறுவதற்கென ஏற்பட்ட இம்முறை விளையாட்டுக்கும் பயன்படுமோ என வினவினால், நம்மில் பலர் புன்னகை செய்யக்கூடும். ஆயின், இங்கிலாந்து நாட்டில் ஒரு சிறிய கால்பந்துக் கழகம், நம் சங்கங்கள் கைக்கொண்டுள்ள அதே அடிப்படையில், ஆளுக்கொரு வாக்கு என்னும் முறையில், 2005-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அதன் வரலாற்றை அறிவதால், பந்தாட்டத்தில் நாட்டமில்லாத அங்கத்தினர்க்கும் பயன் உண்டு எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அக்கழகம் பிறந்த மண் நமக்கு முற்றிலும் அயலானதன்று. ராச்டேல் என்னும் பெயரைக் கேளாத கூட்டுறவாளர் இலர். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், அவ்வூரின் டோட் லேன் தெருவில், 28 பேர் தலைக்கு ஒரு பவுண்டாகச் சேர்த்த சிறு மூலதனத்தைக் கொண்டு மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியும் விற்கும் கடையைத் திறந்தனர். அவர்களுள் பலர் கம்பளித் துணி நெய்த நெசவாளிகள். ராச்டேலிலிருந்து சுமார் பத்து மைல் தொலைவில் மான்செஸ்டர் நகரம் உள்ளது. நம் முன்னோர் காலத்தில் ஆலைத் துணியைக் கப்பல் கப்பலாக அனுப்பி நம் தறிகளை ஓய வைத்த நகரம் அதுவே. இவ்விரண்டுக்கும் அருகில் பெரி என்னும் மற்றோர் ஆலையூர் உண்டு. நாம் காணப்போகும் வரலாறு இம்மூன்று ஊர்களுக்குள்ளேயே பெரும்பாலும் நடைபெறுகிறது.

பெரிய கழகம் கைமாறியது

மான்செஸ்டர் யுனைடெட் என்னும் புகழ்பெற்ற கழகத்தைப் பலரும் அறிவர். 1878-ஆம் ஆண்டு நியூட்டன் ஹீத் என்னும் பகுதியின் ரயில்வே தொழிலாளர் தொடங்கிய குழு அது. 1902-இல் இன்றைய பெயரைப் பெற்றது. தொழிலாளர் தொடங்கிய அக்கழகம் நாளடைவில் பங்குச் சந்தையில் விலை போகும் பண்டமாயிற்று. 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கக் குடும்பம் ஒன்று அதனை வாங்கியது. வாங்கிய விலையின் பெரும்பகுதி கடன். அக்கடனின் பெரும் பாரம் கழகத்தின் தலைமீதே ஏற்றப்பட்டது. தந்தை, மகன், பேரன் எனத் தலைமுறை தலைமுறையாகச் சீட்டு வாங்கி ஆட்டம் பார்த்து வந்தோர், இவ்விற்பனையைத் தடுக்கத் தங்களுக்கு எவ்வித அதிகாரமும் இல்லை என்பதை அப்போதுதான் தெளிவாகக் கண்டனர்.

அவர்களுள் சில ஆயிரம் பேர், இனித் தங்கள் பணத்தை அங்கே கொடுப்பதில்லை எனத் தீர்மானித்து, புதிய கழகம் ஒன்றைத் தாங்களே தோற்றுவித்தனர். அதன் பெயரையும் அங்கத்தினரே வாக்களித்துத் தேர்ந்தனர், ‘எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்’ என்பது அப்பெயர். ஆட விரும்பி 900 பேர் விண்ணப்பித்தனர். 200 பேர் தேர்வுக்கு அழைக்கப்பட்டனர். 17 பேர் தேறினர். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள், லீக் என்னும் சிற்றூரில் நடந்த முதல் லீக் பந்தயத்தில் 5-2 என்ற கணக்கில் புதிய கழகம் வென்றது.

அந்நாட்டுக் கால்பந்து ஓர் ஏணியைப் போன்றது. வென்ற கழகம் ஆண்டுதோறும் ஒரு படி ஏறும், தோற்றது இறங்கும். பழைய மான்செஸ்டர் யுனைடெட் முதற்படியில் இருந்தது. புதிய கழகமோ பத்தாம் படியில் கால் வைத்தது. உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களைக் கண்டு பழகிய கண்கள், பகலெல்லாம் வேறு வேலை செய்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் இளைஞர்களைக் காணத் தொடங்கின. எனினும், முதல் ஆண்டின் இறுதியில் ஒரு லீக் ஆட்டத்திற்கு 6,023 பேர் திரண்டு வந்தனர்.

துணைவிதிகள் கூறுவன

சங்கங்களின் துணைவிதிகளைப் படிப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஆட்டத்தைவிட இக்கழகத்தின் விதிகளே முதலில் சுவையளித்தன. நம் கூட்டுறவுச் சட்டத்தைப் போன்றதொரு சட்டத்தின் கீழ் இது பதிவு பெற்றது. அங்கத்தினர் எவ்வளவு பணம் கொடுத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். நிர்வாகக் குழுவை அங்கத்தினரே தேர்ந்தெடுப்பர். நுழைவுக் கட்டணம் எளியோர்க்கும் எட்டுவதாக இருத்தல் வேண்டும். உள்ளூர் மக்களோடும் இளைஞரோடும் நெருங்கிய தொடர்பு பேணப்படல் வேண்டும். இலாபம் எவர் பைக்கும் செல்லாது. ஆட்டக்காரரின் சட்டையில் வணிக நிறுவனத்தின் பெயரைப் பொறிப்பதில்லை என்பதும் அவர்கள் கொள்கை. அப்பெயரால் வரக்கூடிய வருவாயை அறிந்தே துறந்துள்ளனர்.

2009-ஆம் ஆண்டில் மற்றொரு முடிவும் செய்தனர். பருவம் முழுவதற்குமான சீட்டுக்கு ஒரு குறைந்த அளவை மட்டும் விதித்து, அதற்குமேல் அவரவர் இயன்றதைக் கொடுக்கலாம் என்றனர். வேலை இழந்தவர் குறைவாகக் கொடுத்தும், வசதி உள்ளவர் கூடுதலாகக் கொடுத்தும் ஒரே வரிசையில் நின்று ஆட்டம் காண இதனால் வழி ஏற்பட்டது.

மகிழ்ச்சி எங்கே உளது?

பெரிய கழகத்தை விட்டுச் சிறிய கழகத்தை ஆதரிப்பதில் என்ன மகிழ்ச்சி இருக்கக்கூடும் எனச் சிலர் கேட்கலாம். கோப்பைகள் குறைவு, மைதானம் சிறிது, மழை பெய்தால் நனைய வேண்டியதுதான்.

முதலாவது, அருகாமையால் வரும் மகிழ்ச்சி. கோட்டோரத்தில் நிற்பவருக்குப் பந்து உதைபடும் ஓசை கேட்கும். ஆட்டக்காரர் ஒருவரையொருவர் கூவி அழைப்பதும் கேட்கும். ஆட்டம் முடிந்தபின் அவர்களோடு நின்று பேசலாம்.

இரண்டாவதும் பெரிதுமானது, தாம் வேண்டப்படுகிறோம் என்னும் உணர்ச்சி. எழுபதினாயிரம் பேர் கூடும் அரங்கில் ஒருவர் வாராவிடில் அதை எவரும் அறியார். இரண்டாயிரம் பேர் கூடும் இடத்தில், நாள்தோறும் கொடி கட்டுபவர் ஒருவர் வாராவிடில் அந்தக் கம்பம் வெறுமையாக நிற்கும். நுழைவாயிலில் நிற்போர், நிகழ்ச்சி ஏடு விற்போர், சுவருக்கு வண்ணம் பூசுவோர் எனப் பலரும் ஊதியம் பெறாத அங்கத்தினரே. கோடீசுவரர்களை ஆக்குவதைவிட நண்பர்களை ஆக்குவதே தங்கள் பணி என்னும் பொருள்படும் வாசகம் ஒன்றை அவர்கள் தம் முழக்கமாகக் கொண்டுள்ளனர்.

மூன்றாவது, காத்திருந்து பெறும் மகிழ்ச்சி. தொடக்கத்தில் மூன்று பருவங்களில் மூன்று படிகள் ஏறிய கழகம், அடுத்த படிக்கு 2015 வரை காத்திருந்தது. இடையே ஓர் இரவு வந்தது. 2010-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், எஃப்.ஏ. கோப்பையின் முதற் சுற்றில் அது எதிர்கொண்டது, கூட்டுறவின் தாயூராகிய ராச்டேலின் கழகத்தை. ராச்டேல் நான்கு படிகள் மேலே இருந்தது. முதலில் யுனைடெட் இரண்டு கோல் முந்தியது. ராச்டேல் இரண்டையும் ஈடு செய்தது. குறித்த நேரம் கடந்து, கூட்டிக் கொடுத்த நிமிஷங்களில் யுனைடெட்டின் மூன்றாவது கோல் விழுந்தது. ஆதரவாளர் மைதானத்திற்குள்ளேயே ஓடிவந்து ஆட்டக்காரரைத் தழுவிக் கொண்டனர். அடுத்த சுற்றில் பிரைட்டன் கழகத்தோடு 1-1 எனச் சமன் செய்து, மறு ஆட்டத்தில் 0-4 எனத் தோற்றது. அத்தோல்வியையும் அவர்கள் தங்களுடையதாகவே ஏற்றுக் கொண்டனர். வாங்கிய சீட்டுக்குரிய பண்டம் சரியில்லை எனக் குறை கூறும் வாடிக்கைக்காரரின் மனநிலை அவர்களிடம் இல்லை. தம் வயலில் ஒரு போகம் தவறிய உழவர் வயலை விட்டு ஓடுவதில்லையன்றோ?

சொந்த மைதானம்

தொடக்க ஆண்டுகளில் இக்கழகத்திற்குச் சொந்த இடம் இல்லை. பெரி ஊர்க் கழகத்தின் கிக் லேன் மைதானத்தை வாடகைக்குப் பெற்று ஆடியது. வாடகை வீட்டின் சங்கடங்களை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சொந்தக் கட்டடம் இல்லாத சங்கத்தார் அறிவர்.

மைதானம் அமைக்க 60 லட்சம் பவுண்டுக்கு மேல் தேவைப்பட்டது. அங்கத்தினரும் ஆதரவாளரும் சமுதாயப் பங்குகளாக ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டு திரட்டினர். எஞ்சியதற்கு மானியங்களும் கடனும் உதவின. எவ்வளவு பங்கு வாங்கினாலும் வாக்கு ஒன்றே என்பதை அறிந்தே மக்கள் பணம் கொடுத்தனர். முதலில் எண்ணிய இடம் கைநழுவிப் போயிற்று. பின்னர் மாஸ்டன் என்னும் பகுதியில் இடம் கிடைத்தது. 4,400 பேர் கொள்ளும் பிராட்ஹர்ஸ்ட் பார்க் மைதானம் 2015-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், போர்த்துகலின் பென்ஃபிகா கழகத்தின் இரண்டாம் அணியோடு ஆடித் திறந்து வைக்கப்பட்டது. அவ்வாட்டத்தில் 0-1 எனத் தோற்றனர் எனினும், அன்று நின்றது சொந்தத் தரையில்.

அண்டை ஊர் தரும் பாடம்

வாடகைக்கு இடம் கொடுத்த பெரி கழகத்திற்குப் பின்னர் நேர்ந்ததை நாம் கவனித்தல் வேண்டும். 1885-இல் தோன்றி, 1900-லும் 1903-லும் எஃப்.ஏ. கோப்பையை வென்ற பழம்பெருங் கழகம் அது. கடனில் மூழ்கிய அக்கழகம், 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டு விலைக்குத் தனியார் ஒருவர் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டு பணநெருக்கடி முற்றி, தொடக்க ஆட்டங்கள் ஒத்தி வைக்கப்பட்டன. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், வரும் ஆட்டம் எப்படியும் நடைபெறும் என்னும் நம்பிக்கையோடு ஊர் மக்கள் பலர் துடைப்பமும் வாளியும் ஏந்தி வந்து மைதானத்தைத் துப்புரவு செய்தனர். அன்றிரவே அக்கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது.

துடைப்பம் ஏந்த அவர்களுக்குத் தடை இருக்கவில்லை. வாக்களிக்கத்தான் உரிமை இருக்கவில்லை. அன்பு குறைந்தமையால் அக்கழகம் வீழவில்லை. அன்பு செலுத்தியோர் கையில் கணக்குப் புத்தகம் இல்லாமையே அவர்களைச் செயலற்றோராக்கியது. ஆதரவாளர் பின்னர்ப் புதிய கழகம் தொடங்கி, ஏணியின் அடியிலிருந்து ஏறி, 2023-இல் பழைய பெயரோடு கிக் லேனுக்குத் திரும்பினர்.

கூட்டுறவு முறையால் மட்டும் எல்லாத் துன்பமும் நீங்கிவிடும் எனக் கூற நான் முன்வரவில்லை. எஃப்.சி. யுனைடெட்டிலும் பூசல்கள் எழுந்தன. 2016-ஆம் ஆண்டில் நிர்வாகத்தின் போக்கில் அங்கத்தினர் அதிருப்தியுற்றனர், பொறுப்பாளர் பலர் விலகினர், புதியவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2019-இல் கழகம் ஒரு படி கீழிறங்கவும் நேர்ந்தது. ஆயினும், தவற்றைக் கேட்கவும் திருத்தவும் ஓர் இடம் இருந்தது; அவ்விடத்திற்குப் பேரவை என்று பெயர்.

நமக்கு

நம் சங்கங்கள் பலவற்றின் பேரவைக் கூட்டங்களில் அமர்ந்து வருகிறேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, வரவு செலவு வாசிக்கப்படுமுன் எழுந்து செல்லும் அங்கத்தினர் எங்கும் உளர். பாவு நூல் காலத்தில் வரவில்லை என்றும், கொள்முதல் விலை போதவில்லை என்றும் தேநீர்க் கடையில் பேசப்படுவது, கூட்டத்தில் பேசப்படுவதில்லை. சங்கத்தைத் தம்முடையதெனக் கருதாது, எவரோ நடத்தும் கடையெனக் கருதுவதே இதற்குக் காரணம். தம்முடையது என்னும் எண்ணம் வந்துவிட்டால், மாஸ்டன் மக்கள் மழையில் நின்று காணும் மகிழ்ச்சியை நம் சங்க முற்றத்திலும் காணலாம்.

ஊர் இளைஞர் அறுவடை முடிந்த வயலில் பந்து உதைப்பதைக் காணும்போது, அவர்களுக்கு ஒரு பந்தும் வலையும் வாங்கிக் கொடுப்பதோடு நில்லாமல், கணக்கு எழுதவும் தலைவரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவும் பழக்குங்கள். நாளைய பேரவையில் அமர்ந்து கேள்வி கேட்கப் போகிறவர்கள் அவர்களே. இவ்வாண்டுப் பேரவையில் கணக்கு வாசித்து முடியும்வரை நீங்களும் அமர்ந்திருந்து, ஒரு கேள்வியேனும் கேட்டு வாருங்கள்.