ஏறுவது சுலபம், இறங்குவதுதான் பாடம்

சென்ற விடுமுறையில் ஒரு சனி, ஞாயிறு மாமாவின் காய்கறி லாரியில் ஊட்டிக்குப் போயிருந்தேன். ராத்திரி கேபினிலேயே தூக்கம். குளிரென்றால் அப்படியொரு குளிர்! விடிந்ததும் தொட்டபெட்டா சிகரம் (2,637 மீட்டர்) நடந்தே ஏறி இறங்கினேன்.

மதியம் கேரட் மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் நோக்கிப் புறப்பட்டோம். மாமா இரண்டாவது கியரிலேயே உருட்டினார்.

“நியூட்ரல் போட்டா டீசல் மிச்சமாகுமே மாமா?”

“மிச்சம் பண்ணி யாருக்குடா குடுக்கப் போறே?”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வண்டியும் சுமையுமாக 5 டன். இறக்கம் சுமார் 1,900 மீட்டர். நிலை ஆற்றல் 9 கோடி ஜூலுக்கு மேல்! 300 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அத்தனை சூட்டையும் பிரேக் தலையிலேயே கட்டினால் டிரம் காய்ந்து விரியும், லைனிங்கின் பிடிப்பு குறையும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. சின்ன கியரில் சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். ஆகவே அந்த ஆற்றலில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்கிறது, பிரேக் பிழைக்கிறது.

மறுநாள் என் தொடை வலியும் இதைத்தான் சொன்னது. இறக்கத்தில் தொடைத் தசைதானே நமக்கு பிரேக்! அதற்குத்தான் கியர் இல்லை.

லைசென்ஸ் எடுக்கப்போகும் நண்பர்களே, ஏறின கியரிலேயே இறங்குங்கள்!